பொருந்தாத தோட்டா

அத்தியாயம் ஏழு

"சூலோவோட துப்பாக்கில சூலோவோட தோட்டா போக மாட்டேங்குது, மேடம்."

ஹில்க்கா மொய்லானென் காபிக் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "முதல்ல உனக்குத் துப்பாக்கிய எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா?"

"எங்கிட்ட மூணு துப்பாக்கி இருக்கு. பொண்டாட்டிதான் இல்ல."

"ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு, இல்போ."

இருபது வருஷம் குற்றப்பிரிவில் இருந்தவரிடம் வாய் கொடுத்தால் இப்படித்தான். நான் அவருடைய உதவியாளன். காயானி காவல் நிலையத்தில் அவருக்குக் காரோட்டுவது, காபி போடுவது, திட்டு வாங்குவது என்று எனக்கு மூன்று வேலை. இன்றைக்கு நாலாவதாக ஒன்று சேர்ந்திருந்தது. செத்துப்போன சூலோ தொலோனெனின் கோட்டு உள்பையில் இருந்த தோட்டா டப்பாவைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு தோட்டாவைப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிவிட்டு, வெறும் குண்டோடு திரும்பச் சேர்த்து, சூலோவின் துப்பாக்கியில் வைத்துத் தள்ளினேன். தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற போல்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. அமுக்கினேன், முனகியதே தவிர மூடவில்லை.

"வேற ரகத் தோட்டாவா இருக்கும்," என்றார் ஹில்க்கா.

"அதே ரகம்தான். ஆனா இது வேற துப்பாக்கிக்காகச் செஞ்ச தோட்டா."

இப்போது தலை நிமிர்ந்தது.

விஷயம் இதுதான். ஹவுக்கிவாரா கிராமத்துக் கடமான் வேட்டைக் குழு போன சனிக்கிழமை காட்டுக்குப் போனது. ஆளுக்கொரு இடத்தில் நிற்க, நாய் மானைக் கிளப்பிக்கொண்டு வரும். வருஷத்தின் முதல் பனி விழ ஆரம்பித்த நேரத்தில் ஆர்மாஸ் கெரானென் சுட்டார். "விழுந்திருச்சு" என்று வயர்லெஸ்ஸில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வெடிச் சத்தம். குழுத் தலைவர் தவ்னோ ஓடிப் போய்ப் பார்த்தபோது, ஆர்மாஸ் நிற்க வேண்டிய இடத்தில் சூலோ குப்புறக் கிடந்தார். பக்கத்தில் ஆர்மாஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி மண்டியிட்டிருந்தார்.

"விழுந்த மானப் பார்க்கப் போனேன். அது எழுந்து, நான் முதல்ல நின்ன பக்கமே திரும்பி ஓடிச்சு. சுட்டேன். சூலோ அங்க இருந்தது எனக்குத் தெரியாது." ஆர்மாஸ் சொன்னது அவ்வளவுதான். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. மானை நாய் தூரத்தில் போய்க் கண்டுபிடித்தது. அதன் உடம்பில் ஒரே குண்டு.

ஊர் உடனே தீர்ப்பு எழுதிவிட்டது. காரணம், துய்ஸ்கு. ஆர்மாஸ் பிள்ளை மாதிரி வளர்த்த வேட்டை நாய். பல வருஷம் முன்னால் மானுக்கு வைத்த குறியில் சூலோ அதைச் சுட்டுவிட்டார். அன்றிலிருந்து ஆர்மாஸ் சூலோவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே குழு, ஒரே நெருப்பு, ஒரே கெட்டில் காபி. ஆனால் இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம்.

அதோடு இன்னொன்று. நாய் செத்த நாளிலிருந்து சூலோவைப் போல விதியைப் பிடித்து நின்றவர் அந்த மாவட்டத்திலேயே கிடையாது. தலைவர் "துப்பாக்கியைக் காலி பண்ணுங்க" என்று சொல்லும் வரை, மூத்திரம் முட்டினாலும் நிற்கிற இடத்தை விட்டு நகர மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் ஆர்மாஸின் இடத்துக்கு எப்படி வந்தார்? ஆர்மாஸ் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டு, சுட்டிருக்க வேண்டும். கொலையா விபத்தா என்று நாளைக் காலை அரசு வக்கீலிடம் ஹில்க்கா சொல்லியாக வேண்டும். அவர் கொலை என்றால் ஆர்மாஸின் மிச்ச ஆயுசு சிறைக்குள்தான்.

"வேற துப்பாக்கிக்காகன்னா? விளக்கிச் சொல்லு. சுருக்கமா," என்றார் ஹில்க்கா.

"குழலோட அடியில தோட்டா படுக்கற அறை இருக்கு இல்ல, அது ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ஒரே கம்பெனி, ஒரே கடை, ஒரே நாள்ல வாங்கினாலும் மயிரிழை முன்ன பின்ன இருக்கும். சுடும்போது பித்தளைக் கூடு உப்பி, அந்த அறையோட அளவ அப்படியே எடுத்துக்கும். கால் பழகின செருப்பு மாதிரி. அந்தக் கூட்டையே திரும்ப மருந்து போட்டுத் தோட்டாவாக்கினா அதே துப்பாக்கில குறி சுத்தமா இருக்கும். அடுத்தவன் துப்பாக்கில போட்டா கடிக்கும்."

"இத வெச்சுத்தான் நீ ஞாயித்துக்கிழமையெல்லாம் கொட்டாயில உக்காந்திருக்கியா?"

"வேற யாரு என்னைக் கூப்பிடறாங்க, மேடம்?"

அவர் கோட்டை மாட்டிக்கொண்டார். "அந்த மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்க. செத்தவர் கையுறைக்குள்ள ஒரு வெடிச்ச கூடு இருந்துச்சே, அதையும் எடு. அன்னிக்கு சூலோ ஒரு தடவகூடச் சுடல. அப்ப வெடிச்ச கூடு அவர் கைக்கு எப்படி வந்துச்சு?"

*

சூலோவின் மனைவி ஹெல்வி கதவைத் திறந்தார். அழுது முடித்த முகம் இல்லை, அழவே ஆரம்பிக்காத முகம். கேட்காமலே காபி ஊற்றி, ஏலக்காய் பன்னை வெட்டி வைத்தார்.

"அந்தாள எப்ப ஜெயில்ல போடுவீங்க?"

"அதுக்குத்தான் வந்திருக்கோம், ஹெல்வி அக்கா," என்றேன். எதற்கு வந்திருக்கிறோம் என்று எனக்கே சரியாகத் தெரியாது.

"நாய் செத்தப்போ இவர் மூணு தடவ அவன் வீட்டுக்குப் போனாரு. கதவத் தெறக்கல. நாலாவது தடவ போகாதீங்கன்னு நான்தான் தடுத்தேன். ஒரு நாய்க்கு ஒரு மனுஷனா?" அவர் பன் தட்டை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடுப்பா. இவருக்குன்னு சுட்டது, கிடக்குது."

அந்தப் பன்னை நான் எப்படி விழுங்கினேன் என்று கேட்காதீர்கள்.

சூலோவின் வேலை அறை, சவுனா என்கிற நீராவிக் குளியலறையை ஒட்டி இருந்தது. பலகை மேல் தராசு, அழுத்துகிற கருவி, முள் வைத்த தாடை அளவுகோல், எல்லாம் வரிசையாக. என் கொட்டாயைப் பார்த்தால் இந்த மனுஷன் என்னை வெளியே நிறுத்தியிருப்பார். இரண்டு கண்ணாடி ஜாடிகள் நிறைய வெடித்த கூடுகள். ஒன்றின் மூடி கறுப்பு, மற்றது பச்சை.

"ஒரு துப்பாக்கிக்கு எதுக்கு ரெண்டு ஜாடி?" என்றார் ஹில்க்கா.

அளவுகோலின் தாடையில் ஒரு சின்ன வளையத்தை மாட்டி, கூட்டை அதில் நிறுத்தினேன். கழுத்துக்குக் கீழே கூடு சரிகிற இடத்தைத் தோள் என்போம். அடியிலிருந்து தோள் வரைக்கும் உள்ள நீளம்தான் அறையின் நீளம். துப்பாக்கி கையில் இல்லாவிட்டாலும் வெடித்த கூடு சொல்லிவிடும்.

கறுப்பு ஜாடி, சூலோவின் துப்பாக்கி. பச்சை ஜாடி, ஒரு மயிரிழை அதிகம். கோட்டுப் பையிலிருந்த தோட்டாவும் பச்சை ஜாடியோடு சேர்ந்தது. கையுறையில் கிடந்த கூட்டை வைத்தேன். அதுவும் பச்சை.

கடைசியாக, ஆர்மாஸின் இரண்டாவது குண்டு வெளியேறிய கூட்டை வைத்தேன். ஆய்வாளர்கள் அதை அவர் சுட்ட இடத்திலிருந்து எடுத்திருந்தார்கள்.

முள் அதே கோட்டில் வந்து நின்றது.

"பச்சை ஜாடி ஆர்மாஸோடது, மேடம்," என்றேன். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே கடையில வாங்கின துப்பாக்கி. சூலோ ஆர்மாஸுக்குத் தோட்டா செஞ்சிருக்காரு. ஆர்மாஸுக்கே தெரியாம."

"எதுக்கு?"

எனக்கு ஒரு எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் சொல்லியும் விட்டேன். "கதவத் தெறக்காதவன் மேல கோவம். மருந்த அளவுக்கு மேல அடைச்சு அவன் கையில சேர்த்துட்டா, துப்பாக்கி அவன் மூஞ்சியிலேயே வெடிக்கும். ஆர்மாஸ் அதக் கண்டுபிடிச்சு முந்திக்கிட்டாரு."

"நல்ல கதை," என்றார் ஹில்க்கா. "பொட்டலத்த நிறுத்துப் பாரு."

சூலோவின் தராசிலேயே நிறுத்தேன். நான் எனக்கென்று போடுவதைவிட மருந்து குறைவு. மென்மையான தோட்டா. வயசான தோளுக்கு அடி விழக் கூடாது, குண்டும் சரியாகப் போக வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. எனக்கு அப்போதே வாயை மூடிக்கொள்ளத் தோன்றியது.

ஹில்க்கா ஜன்னல் பக்கம் போய் தவ்னோவுக்குப் போன் போட்டார். சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"தவ்னோ, ஆர்மாஸ் எங்க தோட்டா வாங்கறாரு?"

"நான்தான் வருஷாவருஷம் குடுப்பேன். சோட்காமோ ஊர்ல என் சித்தப்பா பையன் செய்யறான்."

"சித்தப்பா பையன் பேரென்ன?"

"சத்தியம் வாங்கியிருந்தான், மேடம். சூலோ. அவன் செஞ்சதுன்னு தெரிஞ்சா ஆர்மாஸ் ஆத்துல எறிஞ்சிருவான்னு. சனிக்கிழமை காபி நேரத்துல இந்த வருஷத்து டப்பாவத் தர்றேன்னு சொல்லியிருந்தான்."

"வெடிச்ச கூடு சூலோவுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"அது எனக்குத் தெரியாது. கேட்டதில்ல."

ஹில்க்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இல்போ. மொத நாள் நாம காட்டுக்குப் போனப்போ, ஆர்மாஸ் நின்ன இடத்துல ஒரு அடிக்கட்டை இருந்துச்சே, போட்டோ எடுத்தியா?"

எடுத்திருந்தேன். மக்கிப் போன ஊசியிலை மரத்தின் அடிக்கட்டை. அதன் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. "மரங்கொத்தி காலேஜ் போயிருக்கு, காம்பஸ் வெச்சுப் போடுது" என்று அன்றைக்கு நான் சிரித்தது நினைவுக்கு வந்தது.

ஹில்க்கா கையுறையில் கிடந்த கூட்டை எடுத்து, அதன் வாயைப் போனில் இருந்த வட்டத்தின் மேல் வைத்துக் காட்டினார். நான் சிரிக்கவில்லை. கூட்டின் வாய்க்குள் பச்சையாக என்னவோ அடைத்திருந்தது. பாசி.

*

விசாரணை அறையில் ஆர்மாஸ் கைகளை மேஜை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். காட்டு இயந்திரம் ஓட்டிக் காய்த்த கைகள். காபி வைத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். காபி வேண்டாம் என்ற மனுஷனை நான் எங்கள் பக்கத்தில் பார்த்ததே இல்லை.

ஹில்க்கா அடிக்கட்டையின் படத்தை நகர்த்தினார். "இந்த வட்டமெல்லாம் மரங்கொத்தி போட்டதுன்னு என் உதவியாளன் சொல்றான்."

ஆர்மாஸ் படத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஆள மாத்துங்க," என்றார்.

அன்றைக்குச் சொன்னதற்கு அப்புறம் அவர் பேசிய முதல் பேச்சு அது. என்னைத் திட்டியதுதான், ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"வட்டம் நீங்க போட்டது," என்றார் ஹில்க்கா. "சுட்ட கூட்ட எடுத்து, காத்துல விழாம இருக்கக் கவுத்து அழுத்தி வைப்பீங்க. வெச்சுட்டு மானப் பார்க்கப் போயிருவீங்க. வேட்டை முடிஞ்சதும் சூலோ வந்து எடுத்துட்டுப் போவாரு. உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

ஆர்மாஸ் படத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"துய்ஸ்கு செத்த அடுத்த வருஷம்," என்றார். "கூட்ட நான் பொறுக்கறதில்ல, எனக்கெதுக்கு. ஆனா கீழ கிடந்தது காணோம்னா கண்ணுல படும்ல. ஈர மண்ணுல பூட்ஸ் தடம். இடது கால இழுத்து நடக்கறவன் ஊர்ல ஒருத்தன்தான்."

"அப்புறம்?"

"ஒரு கூட்டோட விளிம்புல கத்தியால கீறிப் போட்டு வெச்சேன். அடுத்த வருஷம் தவ்னோ குடுத்த டப்பாவுல அது தோட்டாவா திரும்பி வந்துச்சு." அவர் உதடு லேசாகக் கோணியது. "தவ்னோவுக்குச் சோட்காமோல சித்தப்பாவே கிடையாது. பொய் சொல்லத் தெரியாதவனப் போய் புடிச்சிருக்கான்."

"நேராப் போய்ப் பேசியிருக்கலாமே, அண்ணே," என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். ஹில்க்கா என் காலை மிதித்தார்.

"பேசியிருக்கலாம்," என்றார் ஆர்மாஸ். "மொத வருஷம் கோவம். அடுத்த வருஷம் வீம்பு. அப்புறம் அதுவே பேச்சு மாதிரி ஆயிருச்சு, தம்பி. நான் கட்டை மேல வெப்பேன். அவன் எடுத்துட்டுப் போவான். அடுத்த வருஷம் தோட்டா வரும். வாயத் தெறந்தா அது கெட்டுப் போயிருமோன்னு இருந்துச்சு."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்றார் ஹில்க்கா.

"சொன்னா? தலைவர் சொல்றதுக்கு முந்தி சூலோ இடத்த விட்டு நகர்ந்தான், விதிய மீறினான்னு ஊர் பேசும். நாயக் கொன்னவன்னு இத்தன வருஷம் பேசிச்சு. அதுக்கப்புறம் அவன் ஒரு தப்புப் பண்ணலியே. செத்தும் எதுக்கு அந்தப் பேரு?"

"அதுக்குக் கொலைகாரன்னு நீங்க பேர் வாங்கிக்குவீங்களா?"

"சுட்டது நான்தானே."

ஹில்க்கா பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தார். கையுறையில் கிடந்த கூடு. "அரசு வக்கீல் என்ன கேப்பாரு தெரியுமா? சூலோ வருவாருன்னு உங்களுக்குத் தெரியும். கூட்ட வெச்சு வரவழைச்சுச் சுட்டிருக்கலாம்ல? கேப்பாரு. அதுக்கு என்கிட்ட பதில் இருக்கு. பாருங்க, வாய்க்குள்ள பாசி. அன்னிக்குக் கூடு கட்டை மேல இல்ல. பாசியில விழுந்து புதைஞ்சிருந்துச்சு. சூலோ தோண்டி எடுத்திருக்காரு. பொறி வைக்கிறவன் இரைய ஒளிச்சு வைக்க மாட்டான். இது கொலை இல்ல, ஆர்மாஸ். கவனக்குறைவுன்னு கேஸ் வரும், அத நீங்க பார்த்துக்குவீங்க. கொலைன்னு யாரும் சொல்ல முடியாது."

கெட்டிக்காரத்தனமான வாதம். ஒரு மனுஷனைச் சிறையிலிருந்து மீட்டுவிட்டோம் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆர்மாஸின் முகத்தைப் பார்த்ததும் அந்த நிமிர்வு போய்விட்டது.

"தோண்டியா எடுத்தான்?" என்றார். குரல் மாறியிருந்தது. "குனிஞ்சா?"

ஹில்க்கா உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பனி," என்றார் ஆர்மாஸ். "கை விரைச்சிருந்துச்சு. கூடு எகிறிப் பாசியில விழுந்துச்சு. மான் எழுந்துருமோன்னு பயம். திரும்பி வந்து வெச்சுக்கலாம்னு போயிட்டேன். எப்பவும் வெச்சுட்டுத்தான் போவேன். அன்னிக்கு மட்டும், வந்து வெச்சுக்கலாம்னு."

நான் கேட்க விரும்பவில்லை. ஆனால் காதை எங்கே கொண்டு போய் வைப்பது?

"பனி மூடிட்டா கூடு கிடைக்காதுன்னு அவன் முன்னாடியே வந்திருக்கான். வந்து பார்த்தா கட்டை மேல இல்ல. அதான் குனிஞ்சு தேடியிருக்கான். கட்டை மேல இருந்திருந்தா நின்ன வாக்குல எடுத்துட்டுப் போயிருப்பான். ஆரஞ்சுத் தொப்பி. இளங்கன்னு மரத்துக்கு மேல எனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும்." அவர் கையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, மர உயரத்தைக் காட்டினார். கை அங்கேயே நின்றது. "மானத்தான் பார்த்துச் சுட்டேன். அது அவன் செஞ்ச தோட்டா. அது தப்பாது. நான்தான் குறி தப்பிச் சுட்டேன்."

நானும் தோட்டா செய்கிறவன்தான். அளந்து, நிறுத்து, துடைத்து, ஒவ்வொன்றாக. அந்தப் பச்சை ஜாடி என் கண் முன்னால் வந்தது. எந்தக் குளிர்காலத்து ராத்திரியில் சூலோ அந்த ஒரு தோட்டாவைச் செய்தாரோ, எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாரோ. அப்போது சொல்லத் தோன்றிய கிண்டல் எதுவும் இல்லை.

"ஹெல்விகிட்ட நான் பேசறேன்," என்றார் ஹில்க்கா மெதுவாக. "பச்சை ஜாடி யாருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"அவன் மூணு தடவ வந்தான்," என்றார் ஆர்மாஸ். "நாலாவது தடவ கதவத் தெறக்கறதுன்னு நெனச்சிருந்தேன்."

ஹெல்வி நாலாவது தடவை தடுத்ததை நானும் சொல்லவில்லை, ஹில்க்காவும் சொல்லவில்லை.

ஆர்மாஸ் உறையைக் காட்டி, "அத ஒரு தடவ கையில தர்றீங்களா?" என்றார்.

சாட்சிப் பொருளை உறையிலிருந்து எடுக்கக் கூடாது. விதிப் புத்தகத்தை என் தலையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தவர் ஹில்க்காதான். அவரே உறையைப் பிரித்துக் கொடுத்தார்.

ஆர்மாஸ் கூட்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். நகத்தால் பாசியை நோண்டி எடுத்தார். வாயைக் கட்டை விரலால் துடைத்தார். அப்புறம் அதைக் கவிழ்த்து மேஜையின் நடுவில் வைத்து, மேலிருந்து ஒரு தடவை அழுத்தினார். கையை எடுத்துக்கொண்டார். நாற்காலியைத் திருப்பி, முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். காட்டில் கட்டை மேல் வைத்துவிட்டு மானைப் பார்க்கப் போவாரே, அப்படி.

கூட்டை எடுத்து உறையில் போடுவது என் வேலை. கை போகவில்லை. ஹில்க்காவைப் பார்த்தேன். அவரும் அசையவில்லை. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. காபி ஆறிவிட்டது. கூடு மேஜை மேல் அப்படியே நின்றது.